போல்ட் ரைஃபிளா, செமி ஆட்டோவா? முதல் துப்பாக்கி வாங்கும் முன்

துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் புதிதாக வருபவர்கள் மூன்றாவது நான்காவது வாரத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். அதுவரை கிளப்பின் இரவல் ரைஃபிளில் நூறு, நூற்றைம்பது தோட்டா சுட்டிருப்பார்கள். கை நடுக்கம் கொஞ்சம் அடங்கியிருக்கும். சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்ற ஆசை வந்திருக்கும். "அண்ணா, போல்ட் வாங்கவா, செமி ஆட்டோ வாங்கவா?"

பதினேழு வருடமாகச் சுடுகிறேன். அதில் ஒன்பது வருடம் ரேஞ்சில் பாதுகாப்பு அலுவலராகவும் நிற்கிறேன். இந்தக் கேள்விக்கு நான் ஒரு வரியில் பதில் சொல்வதில்லை. "எந்தப் போட்டி சுடப் போகிறாய்?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. அது தப்பில்லை, மூன்று வாரத்தில் யாருக்குத் தெரியும்? ஆனால் அந்தப் பதில் கிடைக்காமல் பணத்தை எடுத்து வைக்காதீர்கள். தவறான துப்பாக்கியை வாங்கிவிட்டு ஒரு வருடம் அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் விளையாட்டையே விட்டுவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் துப்பாக்கிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

போல்ட் ரைஃபிளில் ஒரு தோட்டா வெடித்ததும் எல்லாம் அப்படியே நின்றுவிடும். அடுத்து நடக்க வேண்டியது முழுக்க உங்கள் கையில். போல்ட் கைப்பிடியை மேலே தூக்குகிறீர்கள். அந்தத் தூக்கலிலேயே பூட்டு விடுபடும், சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஒட்டிக்கொண்டிருக்கும் காலித் தோட்டா லேசாக இளகும், பெரும்பாலான ரைஃபிள்களில் உள்ளே இருக்கும் ஊசியின் ஸ்பிரிங்கும் இறுகும். பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளினால் தோட்டாக்களை அடுக்கி வைத்திருக்கும் மேகசினிலிருந்து புதுத் தோட்டா சேம்பருக்குள் போகும். கைப்பிடியைக் கீழே அழுத்தினால் பூட்டு விழும். தூக்கு, இழு, தள்ளு, அழுத்து. பழைய மௌசர் வகைத் துப்பாக்கிகளில் கைப்பிடி கிட்டத்தட்ட 90 டிகிரி எழும்ப வேண்டும். இப்போது வரும் சி.செட். 457 போன்றவற்றில் 60 டிகிரி போதும். ஸ்கோப் மாட்டிய பிறகு கட்டைவிரல் அதில் இடிக்காமல் இருக்க இந்த 30 டிகிரி எவ்வளவு உதவுகிறது என்பது குளிரில் தடித்த கையுறை போட்டுச் சுட்டால் புரியும்.

செமி ஆட்டோவில் அந்த நான்கு வேலையையும் வெடித்த தோட்டாவே செய்துவிடும். சிறிய .22 ரைஃபிள்களில் (குழல் விட்டம் .22 அங்குலம்) முறை எளிது. போல்ட் எங்கும் பூட்டப்பட்டிருக்காது. அதன் எடையும் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கும். ரவை, அதாவது தோட்டாவிலிருந்து பாயும் குண்டு, குழலில் முன்னோக்கிப் போகும்போது, காலித் தோட்டா போல்ட்டைப் பின்னோக்கித் தள்ளும். போல்ட் கனமானது என்பதால் மெதுவாகத்தான் நகரத் தொடங்கும், அது நன்றாகத் திறப்பதற்குள் ரவை வெளியே போயிருக்கும். 1964இல் வந்த ரூகர் 10/22 இந்த வகைதான். பெரிய தோட்டா சுடும் ரைஃபிள்களில் இது போதாது. குழலில் ஒரு சிறு துளை வழியாகக் கொஞ்சம் வாயுவைத் திருப்பிவிட்டு, அந்த அழுத்தத்தால் பூட்டைத் திறக்க வைப்பார்கள். எப்படியானாலும் ட்ரிகரை ஒரு முறை அழுத்தினால் ஒரு தோட்டாதான் சுடும். அடுத்ததற்கு விரலை விட்டு மறுபடி அழுத்த வேண்டும். செமி என்ற சொல்லுக்கு அதுதான் பொருள். அழுத்திப் பிடித்தால் சரமாரியாகச் சுடும் என்று நினைத்து வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ரவை குழலை விட்டுப் போகும் வரை இரண்டு துப்பாக்கியிலும் உங்கள் வேலை ஒன்றேதான்: மூச்சு, குறி, விரல். ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் நடுவே இருக்கும் நேரத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. உங்களுக்கு எது சரி என்பதை அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சுட ஆரம்பித்த இரண்டாவது வருடம் ஒரு நண்பரின் செமி ஆட்டோ .22 ஆறு மாதம் என்னிடம் இருந்தது. பத்துத் தோட்டா மேகசின், மூன்று மேகசின். வாரம் இரண்டு நாள் போவேன். 50 மீட்டரில் படுத்த நிலையில் சுடுவேன். ஒவ்வொரு நாளும் இருநூறு தோட்டா தீரும். நோட்டில் எழுதி வைத்த பழக்கம் அப்போதே இருந்ததால் இன்றும் பார்க்க முடிகிறது. முதல் மாதம் ஐந்து தோட்டாக்களின் பரப்பு, அதாவது காகிதத்தில் அவை சிதறியிருக்கும் அகலம், சராசரி 42 மில்லிமீட்டர். ஆறாவது மாதம் 40. ஏறக்குறைய பத்தாயிரம் தோட்டா செலவழித்து நான் சம்பாதித்தது இரண்டு மில்லிமீட்டர்.

எங்கள் பயிற்சியாளர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் கிளப்பின் பழைய போல்ட் ரைஃபிள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மேகசின் கிடையாது, ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் வைக்க வேண்டும். ஒரு மரத் தட்டில் இருபது குழி, இருபது தோட்டா. "இன்னைக்கு இவ்வளவுதான். சுட்டதும் டெலஸ்கோப்ல பாக்காத. எங்க பட்டிருக்கும்னு முதல்ல நீ சொல்லு. அப்புறம் பாரு" என்றார்.

அன்றைக்குத்தான் தெரிந்தது, என்னால் சொல்லவே முடியவில்லை. குறி பார்த்தேன், சுட்டேன், அந்தக் கணத்தில் குறி எங்கே இருந்தது என்று நினைவே இல்லை. செமி ஆட்டோவில் அடுத்த தோட்டா தயாராக இருந்ததால், சுட்டதைத் திரும்பிப் பார்க்க ஒரு காரணமும் இல்லாமல் போயிருந்தது. போல்ட்டைத் திறக்கும் அந்த மூன்று நான்கு நொடியில் மனசு பின்னால் போய்ப் பார்க்கும். இலக்கைக் கடிகார முகமாக நினைத்து, 'இரண்டு மணிப் பக்கம், கொஞ்சம் வெளியே' என்று. டெலஸ்கோப்பில் பார்த்தால் அங்கேயே இருக்கும். நான்கு மாதத்தில் பரப்பு 23 மில்லிமீட்டருக்கு வந்தது. ஒரு நாளைக்கு இருபது, முப்பது தோட்டாவில்.

போல்ட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது உங்கள் கையோடு பேசும். தோட்டா சேம்பருக்குள் வழுக்கிப் போகிறதா, உரசிப் போகிறதா என்று விரலில் தெரியும். திறக்கும்போது வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தால், ஏதோ சரியில்லை என்று உடனே தெரியும். செமி ஆட்டோவில் இதெல்லாம் கண்ணுக்கும் கைக்கும் எட்டாமல் ஒரு நொடியின் சிறு பங்கில் முடிந்துவிடும்.

போட்டி எது என்று கேட்டேன் அல்லவா

சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி உங்கள் கனவு என்றால், கேள்வியே எழவில்லை. அங்கே தோட்டாவை ஒன்றொன்றாகக் கையால் வைக்கும் ரைஃபிள்தான் அனுமதி. எடை 8 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. மண்டியிட்டு 20, படுத்து 20, நின்று 20 என்று அறுபது தோட்டாவுக்கு ஒன்றரை மணி நேரம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்தப் போட்டியில்தான். தோட்டாவுக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடம் இருக்கிறது. அங்கே யாருக்கும் வேகமாக மறுதோட்டா ஏற்ற வேண்டிய தேவையே இல்லை.

எஃப் கிளாஸ் எனப்படும் நீண்ட தூரப் போட்டிகளும் அப்படியே. ஆயிரம் கஜம் வரை, தரையில் படுத்து, முன்னால் தாங்கி வைத்து, காற்றைப் படித்துப் படித்து ஒவ்வொன்றாகச் சுடுவது. போல்ட் ரைஃபிள்தான்.

பயத்லான் எனக்கு மிகப் பிடித்த உதாரணம். பனிச்சறுக்கில் மூச்சிரைக்க வந்து நின்று 50 மீட்டரில் ஐந்து இலக்கு. படுத்துச் சுடும்போது இலக்கு 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115. வேகம் முக்கியம் என்பதால் செமி ஆட்டோதான் இருக்கும் என்று நினைப்போம். விதி அதை அனுமதிப்பதில்லை, தோட்டா ஏற்றுவது கையின் பலத்தால்தான் நடக்க வேண்டும். அதற்காகவே ஃபோர்ட்னர் வகை வந்தது. கைப்பிடியைத் தூக்கவே வேண்டாம். ஆள்காட்டி விரலால் நேரே பின்னால் இழுத்து, கட்டைவிரலால் தள்ளினால் முடிந்தது. நல்ல வீரர்கள் அரை நிமிடத்துக்குள் ஐந்தையும் அடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். போல்ட் என்றாலே மந்தம் என்று யாராவது சொன்னால் ஒரு பயத்லான் போட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உலோக உருவங்களைச் சுட்டு விழுத்தும் சிலுவெட் போட்டியில் .22 பிரிவுக்கு 40 மீட்டரில் கோழி, 60இல் பன்றி, 77இல் வான்கோழி, 100இல் ஆடு. நின்றபடி, எதிலும் சாயாமல் சுட வேண்டும். இரண்டு வகையும் கொண்டு வரலாம், ஆனால் வரிசையில் நடந்து பார்த்தால் போல்ட்தான் அதிகம்.

செமி ஆட்டோவுக்கு என்றே இருக்கும் களங்களும் உண்டு. ஸ்டீல் சேலஞ்ச் அதில் ஒன்று. ஐந்து இரும்புத் தகடுகள், டைமர் ஒலித்ததும் ஒவ்வொன்றாக அடித்து, கடைசியாக நிறுத்துத் தகட்டை அடிக்க வேண்டும். எத்தனை நொடி என்பதுதான் மதிப்பெண். அங்கே போல்ட்டோடு போனால் மற்றவர்கள் முடித்த பிறகு நீங்கள் மூன்றாவது தகட்டில் இருப்பீர்கள். நகர்ந்து நகர்ந்து வேகமாகச் சுடும் ஐபிஎஸ்சி ரைஃபிள் போட்டிகளில் செமி ஆட்டோவுக்கும் கையால் இயக்குவதற்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் கேம்ப் பெர்ரியில் 1907இலிருந்து நடந்துவரும் தேசியப் போட்டிகளில் ராணுவ வகைத் துப்பாக்கிகளுக்கான சர்வீஸ் ரைஃபிள் பிரிவு இருக்கிறது. அதன் வேகச் சுற்றுகளில் சுமார் ஒரு நிமிடத்துக்குள் பத்துத் தோட்டா, நடுவே மேகசின் மாற்ற வேண்டும். செமி ஆட்டோவின் உண்மையான திறமை தெரிவது இந்த மாதிரி இடங்களில்தான். சுட்டபின் கை பிடியை விட்டு நகரவில்லை, கன்னம் ஸ்டாக்கிலிருந்து (தோளில் பதியும் பின்கட்டை) எழவில்லை, தோள் அசையவில்லை. அந்த மிச்சப்பட்ட நேரம் முழுவதும் அடுத்த இலக்கைத் தேடும் கண்ணுக்குப் போகிறது.

பல தடைகளில் ஏறி இறங்கித் துல்லியமாகச் சுடும் பிஆர்எஸ் போட்டிகள் நடுவில் நிற்கின்றன. நேரக் கட்டுப்பாடு உண்டு, இருந்தும் பெரும்பாலோர் கையில் போல்ட்தான். ஒரு தோட்டா தவறினால் எவ்வளவு வேகமாகச் சுட்டும் பயனில்லை என்பதால்.

துல்லியம் பற்றி

'போல்ட்தான் துல்லியம், செமி ஆட்டோ சும்மா' என்று ரேஞ்சில் உரக்கச் சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. காரணங்களைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு அது பொருந்துமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

செமி ஆட்டோ எந்தத் தோட்டாவையும் சிக்காமல் விழுங்கித் துப்ப வேண்டும் என்பதால் சேம்பரைக் கொஞ்சம் தாராளமாகக் குடைவார்கள். போட்டி போல்ட் ரைஃபிளின் சேம்பர் அவ்வளவு இறுக்கம். தோட்டாவை வைத்து மூடினாலே ரவையின் முனை குழலின் பள்ளங்களைத் தொட்டு நிற்கும். இதனால் ஒரு தொல்லையும் உண்டு. சுடாமல் அந்தத் தோட்டாவை வெளியே இழுத்தால் சில சமயம் ரவை குழலிலேயே தங்கி, வெடிமருந்து உள்ளே கொட்டிவிடும். அதனால் போட்டி ரைஃபிளில் வைத்த தோட்டாவைச் சுட்டே தீர்ப்பது நல்லது.

ட்ரிகர் இன்னொரு விஷயம். போட்டி போல்ட்டில் நூறு கிராமுக்கும் குறைவான அழுத்தத்துக்கு ட்ரிகரை இறக்கி வைக்க முடியும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் உள்ளே கனமான பாகங்கள் முன்னும் பின்னும் மோதும் செமி ஆட்டோவில் அவ்வளவு இளக்கமாக வைப்பது ஆபத்து, அது தானாக விடுபடலாம். அதோடு செமி ஆட்டோவில் பெரும்பாலும் சுத்தியல் சுழன்று வந்து ஊசியை அடிக்க வேண்டும், போல்ட்டில் ஊசி நேரே பாயும். விரல் அழுத்துவதற்கும் வெடிப்பதற்கும் இடையே உள்ள அந்த நூலிழை நேரம் செமி ஆட்டோவில் கூடுதல். அந்த நேரத்தில் நீங்கள் துளி அசைந்தாலும் காகிதத்தில் தெரியும்.

சரி, ஆனால் இதெல்லாம் எப்போது கணக்கில் வரும்? 50 மீட்டரில் 15 மில்லிமீட்டருக்குள் ஐந்தையும் போடத் தெரிந்த பிறகு. நல்ல செமி ஆட்டோ .22க்கு, அதற்குப் பிடித்த தோட்டாவைக் கொடுத்தால், முதல் இரண்டு வருடம் உங்களைவிட அதுதான் துல்லியமாக இருக்கும். புதியவர் பரப்பு 50 மில்லிமீட்டர் வருவது துப்பாக்கியால் அல்ல. அதனால் துல்லியத்தை மட்டும் காரணமாக வைத்துச் செமி ஆட்டோவை ஒதுக்காதீர்கள்.

தோட்டாதான் மாதாமாதம் பையைக் கடிக்கும்

துப்பாக்கி ஒரு முறைச் செலவு, தோட்டா எப்போதும் உள்ள செலவு. செமி ஆட்டோ கூடுதலாகச் சாப்பிடும். அது இயந்திரத்தின் குற்றமில்லை, விரல் அப்படிப் பழகிவிடும். என் நோட்டே சாட்சி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர். போட்டிக்கான .22 தோட்டாக்களை அதற்குச் சற்றுக் கீழே, 320, 330 மீட்டரில் கிளம்பும்படி செய்வார்கள். ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கிளம்பிய ரவை, பாதி வழியில் அந்த எல்லைக்குக் கீழே இறங்கும்போது தடுமாறும் என்பதால். போல்ட் ரைஃபிளுக்கு எந்தத் தோட்டாவும் சம்மதம். செமி ஆட்டோ அப்படியில்லை. சிலவற்றுக்கு இந்த மென்மையான தோட்டாவின் உதை போதாது, போல்ட் பாதி தூரம் போய் நின்று, காலித் தோட்டா வெளியேறும் வாயிலில் புகைபோக்கி மாதிரி செங்குத்தாகச் சிக்கிக்கொள்ளும். வேகத் தோட்டா போட்டால் சிக்கல் தீரும், பரப்பு விரியும். வாங்கும் முன் அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கி மென்மையான தோட்டாவை ஐம்பது முறை தொடர்ந்து சிக்காமல் சுடுகிறதா என்று பார்ப்பது அவசியம்.

பெரிய தோட்டா சுட்டு, உறைகளைச் சேகரித்து மறுபடி நிரப்பும் எண்ணம் இருந்தால் போல்ட் பக்கம்தான் லாபம். உறை உங்கள் கைக்குப் பக்கத்தில் விழும், நசுங்காது. செமி ஆட்டோ நான்கு மீட்டர் தள்ளி எறியும், பல நேரம் விளிம்பு அடிபட்டுக் கிடக்கும்.

பாதுகாப்பில் நான் பார்ப்பது

இரண்டும் சமமாகப் பாதுகாப்பானவை, கற்றுக்கொண்ட கைக்கு. புதிய கைக்கு அப்படியில்லை.

போல்ட்டைத் திறந்து பின்னால் வைத்துவிட்டால் பத்தடி தள்ளி நிற்கும் எனக்கும் தெரியும், அந்தத் துப்பாக்கி சுடாது. முழுதாக உருவி மேஜையில் வைத்துவிட்டால் இன்னும் நிம்மதி, குழல் வழியாக வெளிச்சமே தெரியும்.

செமி ஆட்டோவில் காலி செய்யும் வரிசை மாறினால் ஆபத்து. ஒரு சனிக்கிழமை, 'சுடுவதை நிறுத்து, காலி செய்' என்று உத்தரவு கொடுத்தேன். மூன்றாவது இடத்தில் இருந்தவர் போல்ட்டை இழுத்து விட்டார். ஒரு தோட்டா வெளியே விழுந்தது. அதைப் பார்த்துத் திருப்தியாகி, பிறகு மேகசினைக் கழற்றி மேஜையில் வைத்தார். துப்பாக்கியையும் கீழே வைத்துவிட்டு எழப்போனார். அவர் கண்ணால் தோட்டா விழுந்ததைப் பார்த்திருக்கிறார், அதனால் காலி என்று முழுதாக நம்புகிறார். ஆனால் போல்ட்டை விட்ட அதே அசைவில் மேகசினிலிருந்து இன்னொரு தோட்டா உள்ளே போயிருந்தது. நான் போய்ப் போல்ட்டை இழுத்துப் பிடித்தேன். சேம்பரிலிருந்து அது வந்து என் உள்ளங்கையில் விழுந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் அன்று முழுவதும் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

வரிசை இதுதான், தூக்கத்திலும் மறக்கக் கூடாது. குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும். முதலில் மேகசினைக் கழற்றுங்கள். பிறகு போல்ட்டை இழுத்துப் பூட்டித் திறந்த நிலையில் வையுங்கள். கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டுத் தொட்டும் பாருங்கள். அதற்கப்புறம், காலி என்று தூரத்திலிருந்தே காட்டும் சிறு கொடியைச் சேம்பரில் செருகுங்கள்.

இன்னொன்று. வழக்கமான வெடிச் சத்தம் இல்லாமல் 'பொப்' என்று மங்கலாகக் கேட்டால், ரவை குழலிலேயே நின்றிருக்கலாம். அந்த நேரம் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும். போல்ட்டில் நீங்களாகக் கையை நகர்த்தினால்தான் அடுத்த தோட்டா வரும், அதனால் யோசிக்க நேரம் இருக்கிறது. செமி ஆட்டோவில் வேகச் சுற்றின் நடுவே, சிக்கலைச் சரிசெய்யும் பழக்கத்தில் கை தானாகப் போல்ட்டை இழுத்துவிடும். சத்தம் வித்தியாசமாக இருந்தால் நிறுத்துங்கள், போட்டி போனால் போகட்டும். அதே மாதிரி, அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கின் பக்கமே வைத்து முப்பது நொடி காத்திருங்கள். தாமதமாக வெடிப்பது அபூர்வம்தான், ஆனால் உண்டு.

இடது கை, வலிக்கும் மணிக்கட்டு, சுத்தம் செய்வது

இடது கைக்காரர்கள் வலப்பக்கக் கைப்பிடி உள்ள போல்ட்டோடு படுத்த நிலையில் சுட்டால், துப்பாக்கிக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் ஒவ்வொரு தடவையும் நிலையைக் குலைக்க வேண்டிவரும். இடப்பக்கக் கைப்பிடியோடு சில நிறுவனங்கள் செய்கின்றன. தேடி வாங்குங்கள், சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். செமி ஆட்டோவில் கைப்பிடித் தொல்லை குறைவு, ஆனால் காலித் தோட்டா வலப்பக்கம், அதாவது உங்கள் முகத்துக்கு முன்னால் பறக்கும். என் தோழி ஒருத்தியின் சட்டைக் காலருக்குள் சுடச்சுட ஒன்று விழுந்திருக்கிறது. அவள் அசையாமல் துப்பாக்கியை இலக்கின் பக்கமே பிடித்தபடி சேஃப்டியைப் போட்டு, கீழே வைத்துவிட்டு அப்புறம்தான் எழுந்தாள். கழுத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது. கழுத்தை மூடும் சட்டை, கண்ணாடி, தொப்பி இல்லாமல் போகாதீர்கள்.

எங்கள் கிளப்பில் அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மணிக்கட்டு மூட்டு வலி. போல்ட்டை முப்பது தடவை தூக்கினால் மறுநாள் டம்ளரைப் பிடிக்க முடியாது. அவருக்கு நானே செமி ஆட்டோவைத்தான் எடுத்துக் கொடுத்தேன், மேகசினில் ஒரே ஒரு தோட்டாவாகப் போட்டு. பயிற்சி போல்ட்டின் பயிற்சி, வேலை செய்வது செமி ஆட்டோ. இரண்டு வருடமாகச் சந்தோஷமாகச் சுடுகிறார். உடம்பு ஒத்துழைக்காத இடத்தில் கொள்கை பேசிப் பயனில்லை.

சுத்தம் செய்வதில் போல்ட்டுக்கு ஈடு கிடையாது. போல்ட்டை உருவினால் பின்பக்கமிருந்து நேரே கம்பியை விடலாம். செமி ஆட்டோ .22 பலவற்றில் பின்பக்கம் மூடியிருக்கும். கயிறு விட்டு இழுக்க வேண்டும், இல்லையென்றால் முனைப் பக்கமிருந்து கம்பி விட வேண்டும். அப்படி விடும்போது குழலின் முனை விளிம்பு தேயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ரவை கடைசியாகத் தொடுவது அதைத்தான். அதோடு புகையும் கரியும் உள்ளேயே அடங்குவதால் சில நூறு தோட்டாவுக்கு ஒரு தடவை பிரித்துத் துடைக்காவிட்டால் சிக்கல் ஆரம்பிக்கும்.

சட்டத்தை முதலில் பாருங்கள்

உங்கள் உரிமத்தில் எது எழுதியிருக்கிறதோ அதைத்தான் வாங்க முடியும். செமி ஆட்டோவுக்கு நாட்டுக்கு நாடு விதி மாறும். பிரிட்டனில் 1988 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு .22 ரிம்ஃபயர் (ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிக்கும் வகை) தவிர மற்ற செமி ஆட்டோ ரைஃபிள்கள் தடை. ஆஸ்திரேலியாவில் 1996க்குப் பிறகு .22 செமி ஆட்டோவுக்கே கடுமையான கட்டுப்பாடு. நியூசிலாந்தில் 2019இல் பெரிய தோட்டா செமி ஆட்டோக்களில் பெரும்பாலானவை போய்விட்டன. கனடாவில் 2020இல் ஒரே உத்தரவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடல்கள் தடைப் பட்டியலில் சேர்ந்தன. போல்ட் ரைஃபிளுக்கு இந்த நாடுகளில் எல்லாம் வழி ஓரளவு எளிது. உரிமம் தரும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொன்னார் என்பது பதில் ஆகாது.

எடுக்கும் முன் ஒரு நாள்

கிளப்பில் இரண்டு வகையிலும் ஒவ்வொன்று இரவல் கேளுங்கள். கொடுப்பார்கள், இந்த விளையாட்டில் கொடுக்கும் மனசு உள்ளவர்கள் அதிகம். ஒரே வகைத் தோட்டா இரண்டிலும் போடுங்கள். 50 மீட்டர். முதலில் தாங்கி வைத்து ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாக நான்கு சுற்று. இது துப்பாக்கியைப் பற்றிச் சொல்லும். பிறகு தாங்கி இல்லாமல் நின்று ஒவ்வொன்றிலும் இருபது. ஒவ்வொரு ஐந்துக்கும் தனிக் காகிதம், மேலே எண் போட்டு. இது உங்களைப் பற்றிச் சொல்லும்.

முதல் ஐந்தையும் கடைசி ஐந்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செமி ஆட்டோவில் கடைசி ஐந்து கண்டபடி சிதறியிருந்தால், விரல் உங்களை முந்திக்கொண்டு போகிறது என்று பொருள். போல்ட்டில் கடைசி ஐந்து விரிந்திருந்தால், தோட்டா ஏற்றும்போது நிலை குலைகிறது. ஸ்டாக் நீளம் பொருந்தவில்லையோ, கைப்பிடி எட்டவில்லையோ, பயிற்சியாளரை அருகில் உட்கார வைத்துப் பாருங்கள்.

பழைய துப்பாக்கி வாங்குவதென்றால், போல்ட்டில் போல்ட்டின் எண்ணும் உடம்பின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள், எண் போட்டிருக்கும் மாடல் என்றால். .22 எதுவானாலும் சேம்பரின் விளிம்பில் ஊசி அடித்த பள்ளம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தோட்டா இல்லாமல் திரும்பத் திரும்ப அடித்தவர்கள் கையில் இருந்த துப்பாக்கி என்றால் அங்கே தெரியும். செமி ஆட்டோவில் மேகசின் உதடுகள், அதாவது தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் விளிம்புகள், வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். சிக்கல்களில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

போட்டி இன்னும் முடிவாகவில்லை என்றால் என் பரிந்துரை .22 போல்ட், கழற்றி மாட்டும் மேகசினோடு, அதில் ஒற்றைத் தோட்டா வைத்துச் சுடப் பழகுங்கள். தகடுகளின் சத்தம்தான் உங்களை இழுக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டால் செமி ஆட்டோவே வாங்குங்கள், ஆனால் முதல் மூன்று மாதம் மேகசினில் ஒரு தோட்டாவுக்கு மேல் போடாதீர்கள். எதுவானாலும் வாங்கிய அன்றைக்கு ஒரு நோட்டும் வாங்குங்கள். தேதி, தோட்டா வகை, நிலை, எங்கே பட்டிருக்கும் என்று நீங்கள் சொன்னது, எங்கே பட்டது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு வரி. கடைசி இரண்டும் ஒத்துப்போகத் தொடங்கும் வாரத்தில் வந்து என்னிடம் காட்டுங்கள், இரண்டாவது துப்பாக்கியைப் பற்றி அப்போது பேசலாம்.